சாமை தூற்றிய காற்றாடி

செம்மேட்டுச் சந்தையில் வாங்கிய பேட்டரி மோட்டாரில் காற்றாடி பொருத்தி, பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்காவுக்குச் சாமை தூற்றிக் கொடுக்க உட்கார்ந்தேன். மறுநாள் கோயில் பொங்கலுக்கு வைத்திருந்த சாமை அது. ஸ்விட்சைப் போட்டதும் உமியோடு சாமையும் பறந்து அக்காவின் தலையில் கொட்டியது.

“ஏங் கண்ணு, எனக்கு மறுபடி கல்யாணமா? அட்சதை போடறயே!”

சிரிப்பை அடக்கிக்கொண்டு, நான் புதிதாகச் செய்து பழகிய சின்ன சர்க்யூட்டை இணைத்தேன். அது மின்சாரத்தைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விட்டு விட்டுக் கொடுக்கும். குமிழைத் திருகியதும் காற்று தணிந்தது. உமி மட்டும் பறக்க, சாமை நேராக முறத்தில் விழுந்தது.

“கரண்டைக் கம்மி பண்ணிட்டயா?”

“இல்லீங்க்கா. குடுக்கறப்ப முழுசாத்தான் குடுக்குது. நடுநடுவுல நிறுத்திக்குது.”

“அப்ப நீயும் செத்த நிறுத்து. காப்பி குடிக்கலாம்.”

எதையும் ஒரே ஓட்டமாகச் செய்து பழகிய நான், அன்றுதான் ஆற அமரக் காப்பி குடித்தேன். எதிரே அக்கா, தலையில் அட்சதையோடு.