மல்சூன் அக்கா வைத்த பன்றித் தலை

செய்தித்தாளில் "பன்றித் தலைப் பாட்டி" என்று போட்டார்கள். பாட்டியாம்! பேரன் பேத்தி என்று ஒரு பொட்டுப் பிள்ளை இல்லாதவளுக்கு என்ன பாட்டிப் பட்டம்? குவாக் மல்சூன் என்று அவளுக்கு அழகாக ஒரு பேர் இருந்தது. பால்சான் சந்தையில் என் பலகாரக் கடைக்கு எதிர்க்கடை அவளுடையது. முப்பத்தொரு வருஷம் காலையில் ஷட்டரைத் தூக்கினால் அவள் முகத்தில்தான் விழிப்பேன். அவள் செத்துப் போய் ஐம்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். நடந்ததை நான் சொல்கிறேன், எனக்கு அதற்கு யோக்கியதை உண்டோ இல்லையோ.

பன்றித் தலை வேகவைத்து விற்பது அவள் தொழில். எங்கள் கொரியாவில் புதுக் கடை திறந்தாலும், வண்டி வாங்கினாலும், கட்டடம் எழுப்பினாலும் கோசா பூசை போடாமல் வேலை தொடங்க மாட்டார்கள். பூசைக்குப் பன்றித் தலை வேண்டும். தலை சிரித்த முகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்குகிறவன் திருப்பிக் கொடுத்துவிடுவான். சிரிக்க வைப்பதில் அக்காவை அடிக்க இந்த ஊரில் ஆளில்லை. மெல்லிய தீயில் அரை வேக்காடாக இருக்கும்போதே வாயின் ரெண்டு ஓரத்தையும் மேலே இழுத்து நூலால் கட்டுவாள். கட்டிக்கொண்டே அதோடு பேசுவாள்.

"சிரிடா ராசா, சிரி. ஒரு குடும்பமே உன்னை விழுந்து கும்பிடப் போவுது. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தா எப்படி?"

நான் கிறிஸ்தவச் சபைக்குப் போகிறவள். ஞாயிறு தவறினதில்லை. கோசாவில் படைத்த எதையும் வாயில் வைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பூசைக்கு வேண்டிய சிவப்புப் பயறுப் புட்டை அவித்து விற்பேன். அதைச் சொல்லி அவள் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது.

"விக்கலாமாம், திங்கக் கூடாதாம். உங்க சாமி கோவக்கார சாமிதான்டி, ஆனா வியாபாரம் தெரிஞ்ச சாமி!"

சொல்வாளே தவிர, பூசை வீடுகளிலிருந்து அவளுக்கு வந்த பங்கை ஒரு நாளும் என் பக்கம் நீட்டினதில்லை. எனக்கென்று தனியாக ரெண்டு பேரிக்காய் வாங்கி வைத்திருப்பாள்.

அவளுக்கு ஒரே மகன், கிஹுன். சாரம் கட்டுகிற வேலை. இருபத்தாறு வயதில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே கோசா போடவில்லை என்று தெரிந்ததும் அக்கா தானே ஒரு தலையை வேகவைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். முதலாளிக்கு இதெல்லாம் பிடிக்காது என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த பதினோராம் நாள் கிஹுன் ஆறாவது மாடியிலிருந்து விழுந்து செத்துப் போனான். பலகையைப் பிடித்திருந்த கொக்கி கழன்றுவிட்டது என்று விசாரணையில் சொன்னார்கள். அவள் காதில் அது ஏறவே இல்லை. "கேட்டுக்கிட்டே நின்னேன்டி. கேக்காம உள்ளே போயிருக்கணும்," என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டில் மகன் இருந்த மாடி அறை பத்து வருஷம் பூட்டிக் கிடந்தது. பிறகு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி படிக்க வங்கதேசத்திலிருந்து வந்த நஸ்முலுக்கும் அவன் பெண்டாட்டி மௌசுமிக்கும் அதை வாடகைக்கு விட்டாள். அவர்கள் முஸ்லிம்கள், இவள் தொழில் பன்றி. எப்படி ஒத்துப்போகும் என்று சந்தையே சிரித்தது. ஆனால் அக்கா கடையிலேயே உடுப்பை மாற்றி, பொதுக் குளியலறையில் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். மௌசுமிக்குப் புதுச் சட்டி, புதுக் கரண்டி எல்லாம் வாங்கிக் கொடுத்தாள். வழக்கமாகச் சேர்க்கிற மீன் சாறு கலக்காமல் முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் போட்டுக் கொடுத்தாள், மீன் அவர்களுக்கு ஆகும் என்று தெரிந்த பிறகுகூட. அந்தப் பிள்ளைகள் அவளைப் பெரியம்மா என்று கூப்பிட்டார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் அக்காவின் முகம் அப்படியே மலர்ந்துவிடும். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இந்த நேரத்தில்தான் மசூதி விவகாரம் கிளம்பியது. வெளிநாட்டு மாணவர்கள் காசு சேர்த்துப் பக்கத்துச் சந்தில் ஒரு பழைய வீட்டை வாங்கி, இடித்து, மசூதி கட்டத் தொடங்கினார்கள். நகராட்சி அனுமதி கொடுத்திருந்தது. எங்கள் சபை மூப்பர் மெங் வீடு வீடாகப் போய் எதிர்ப்புக் கையெழுத்து வாங்கினார். குறுகின சந்து, வண்டி நிறுத்த இடமில்லை, நாளைக்கு நம் ஊர் நம் ஊராகவே இருக்காது என்றார். நானும் கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்வானேன், எனக்கும் பிடிக்கவில்லை.

நஸ்முல் விடுமுறை நாளில் அங்கே செங்கல் தூக்குவான். ஒரு சனிக்கிழமை சாரத்திலிருந்து வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். சேதி வந்ததும் அக்கா கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். பாதி வழியில் திரும்பி வந்து, ரத்தக்கறை ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி ஓடினாள்.

ரெண்டு நாள் கழித்து என் கடைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"தொக்சிம், நாளைக்கு விடியறதுக்குள்ள ஒரு தட்டு பயறுப் புட்டு வேணும்."

"யாருக்குக்கா?"

"மசூதிக்கு. அங்க கோசா போடவே இல்லையாம்டி. கேட்டேன், அப்படின்னா என்னன்னு கேக்கறான். மொதல்ல கை, அடுத்தாப்ல தலைதான்."

"அவங்கதான் பன்னி திங்க மாட்டாங்களேக்கா."

"யாரு திங்கச் சொன்னா? படையல் அவங்களுக்கா? பூமிக்குடி. பூமி நம்ம ஊரு பூமிதானே, அதுக்கென்ன தெரியும் மேல யாரு கட்டறாங்கன்னு? நான் பாட்டுக்குப் போய்க் கும்பிட்டுட்டு, எட்டு மணிக்குத் தலையை எடுத்துட்டு வந்துருவேன். இந்தத் தடவை யார்கிட்டயும் கேக்கப் போறதில்ல."

எனக்குத் தெரியும். நான் கோசாப் பண்டத்தைத் தொடாதவள். ஒருவர் சாமிக்கு ஆகாதது இன்னொருவர் வாசலில் வந்தால் எப்படிச் சுடும் என்று அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். "அக்கா, இது திங்கற விஷயம் மட்டுமில்ல, வெச்சாலே அவங்களுக்கு அவமானம்" என்று ஒரே வரி. நாக்கு நுனி வரை வந்தது. நான் சொல்லவில்லை. வேலை இருந்தது, அடுப்பில் ஆவி பறந்தது என்றெல்லாம் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் இல்லை. வைக்கட்டும், என்ன நடக்கிறதென்று பார்ப்போம் என்று உள்ளுக்குள் ஒரு அற்ப ஆசை. புட்டை அவித்துக் கொடுத்தேன்.

அவள் ஆயுசில் வேகவைத்ததிலேயே நல்ல தலை அதுதான். குழந்தை சிரிக்கிற மாதிரி சிரித்தது. விடியற்காலை கட்டட வாசலில் பாய் விரித்து, தலையும் புட்டும் வைத்து, அரிசிக் கள் ஊற்றி, மூன்று தரம் விழுந்து கும்பிட்டுவிட்டு, அடுப்பு மூட்டச் சந்தைக்கு வந்தாள். ஏழு மணிக்கு நஸ்முலும் மற்றப் பையன்களும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். வாசலில் பன்றித் தலை.

சேதி கேட்டு நானும் அக்காவும் போய்ச் சேரும்போது சந்து கொள்ளாத கூட்டம். போலீஸ், கேமரா, எல்லாம். நேற்று வரை அவள் கடையை மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போன மூப்பர் மெங் முன்னால் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நாங்க நூறு பேர் செய்ய முடியாததை ஒத்த ஆளா செஞ்சிட்டீங்க!"

"கையை விடுய்யா! நான் என்ன செஞ்சேன்? அது பூசை!"

"ஆமா ஆமா, பூசை," என்று ஒருத்தன் கண்ணடித்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சொல்வதை ஒரு நல்ல நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார்கள்.

தொலைக்காட்சிக்காரப் பெண் மைக்கை நீட்டினாள். நான்தான் வைத்தேன், என் பிள்ளை மாதிரி இருப்பவனுக்கு ஒன்றும் ஆகக்கூடாதென்று கும்பிட்டேன் என்று அக்கா மூச்சுவிடாமல் சொன்னாள். அன்று ஒளிபரப்பில் வந்தது "நான்தான் வெச்சேன்" மட்டும்.

எதிர்ப்புக் குழு வேறு சந்தையில் மூன்று தலை வாங்கி வந்து அங்கேயே மேஜை போட்டு வைத்தது. அக்கா விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அகற்றச் சட்டத்தில் வழியில்லை என்றது நகராட்சி. தொலைக்காட்சியில் நிபுணர்கள் வந்து பேசினார்கள். புண்படுத்துகிற பேச்சும் பேச்சுதான், அரசாங்கம் வாயை அடைக்கக் கூடாது என்றார் ஒருவர். சிறுபான்மையை அவமானப்படுத்துவது பேச்சே அல்ல என்றார் இன்னொருவர். ரெண்டு பேரும் நன்றாகத்தான் பேசினார்கள். அக்கா வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நம்ப முடியாமல்.

போலீசில் புகார் வந்தபோது குழுவின் வக்கீல் சொல்லிக் கொடுத்தார். "எதிர்ப்பைத் தெரிவிச்சேன்னு மட்டும் சொல்லுங்கம்மா. அது உங்க கருத்துச் சுதந்திரம். யாரும் உங்கள ஒண்ணும் பண்ண முடியாது."

"எனக்குக் கருத்தெல்லாம் ஒண்ணும் இல்லப்பா," என்றாள் அக்கா. "கும்பிட்டேன். அவ்வளவுதான்."

அன்று மாலை என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். நஸ்முல் கதவைத் திறந்து, கட்டுப் போட்ட கையோடு வாசலிலேயே நின்றான். பின்னால் மௌசுமி துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். கீழே சந்தில் மூப்பரும் சபைக்காரர்கள் நாலு பேரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெரியம்மா, தெரிஞ்சு செஞ்சீங்களா, தெரியாம செஞ்சீங்களா?"

"தெரிஞ்சுதான்டா செஞ்சேன். உனக்காகத்தான் செஞ்சேன்!"

அவளுக்கு வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவன் முகம் இன்னும் இறுகியது. அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"இவளைக் கேளுப்பா. எதுக்கு வெச்சேன்னு இவளுக்குத் தெரியும். இவதான் புட்டு அவிச்சுக் குடுத்தா. சொல்லுடி தொக்சிம், சொல்லு!"

மூன்று பேர் கண்ணும் என் மேல். கீழே மூப்பர் கண். ஞாயிற்றுக்கிழமை எந்த பெஞ்சில் போய் உட்காருவேன், யார் என்னோடு பேசுவார்கள் என்பதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றேன். "புட்டு கேட்டாங்க, குடுத்தேன்."

அக்கா என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், பாவி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் காலி செய்துவிட்டார்கள். அவள் வாங்கிக் கொடுத்த சட்டியைத் துலக்கிப் படியில் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் கடை திறந்தாள். ஆனால் தலைக்கு நூல் கட்டுவதில்லை. சிரிக்காத தலையை யார் வாங்குவார்கள்? என்னோடு பேசாமல் இல்லை. சூடா இருக்கா, மழை வருமா, இந்த மாதிரி. வீட்டில் இருக்கும்போது மாடிப்படியில் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பாளாம். பதினொரு மாசம் இப்படிப் போனது. ஒரு நாள் காலை ஷட்டர் தூக்கவில்லை. மருத்துவர் இதயம் என்றார்.

சாவுக்கு நஸ்முல் வந்தான். வேறு ஊரிலிருந்து ரெயிலேறி வந்திருந்தான். அக்கா படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிடவில்லை, அது அவன் வழக்கமில்லை. கையேந்தி நின்று முணுமுணுத்தான், கண்ணீர் ஒழுகியது. வெளியே போகும்போது பின்னாலேயே ஓடி அவன் சட்டையைப் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மகன், கேட், பூமி, நாக்கு நுனியில் நின்ற அந்த ஒரு வரி, எல்லாவற்றையும்.

அவன் பொறுமையாகக் கேட்டான்.

"தெரியுங்க," என்றான். "அன்னைக்கு ராத்திரியே மௌசுமி சொல்லிட்டா. பெரியம்மா அப்படிச் செய்யற ஆளில்லைன்னு."

"அப்புறம் ஏன்பா போனீங்க?"

"அவங்க கூட முப்பது வருஷம் பழகின நீங்களே அவங்களுக்காக ஒரு வார்த்தை பேசல. எங்களுக்கு ஒண்ணுன்னா இந்தச் சந்துல யாரு பேசுவாங்க? அந்தப் பயத்துலதாங்க போனோம்."

அவன் சட்டையை நான் இன்னும் விடவில்லை.

"நீங்க நம்பினது... அக்காவுக்குத் தெரியுமா? ஒரு போனாவது பண்ணிச் சொன்னீங்களா?"

நஸ்முல் தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்லீங்க. நாங்களும் சொல்லல."