அறுபது வயது நுரையீரல்

"நாலு எழுத்து படிச்சிட்டா பெரியவங்களுக்கே பாடம் எடுப்பியா நீ?" என்றார் பாவா, என் அக்காவின் கணவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். புள்ளியியலில் முதுகலை வேறு. "தேவைப்பட்டா எடுப்பேன் பாவா" என்றேன்.

விஷயம் இதுதான். நைனாவின், அதாவது என் அப்பாவின், நுரையீரல் இறுகிப்போய், மாற்று நுரையீரலுக்காகச் சென்னை மருத்துவமனையில் பெயர் பதிந்திருந்தோம். மூளைச்சாவு அடைந்த வயதானவருடைய நுரையீரல் கிடைத்தாலும் ஏற்பீர்களா என்று கேட்டு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். சம்மதித்தால் காத்திருப்பது குறையலாம். திருத்தணி வீட்டில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்த நைனா கைநாட்டு வைக்க மறுத்தார்.

"எனக்கே அம்பத்திரண்டு. அறுபது வயசு ஆளோடத வாங்கி இன்னா பண்றது? கெழவனாட்டம் இருமிகினு கெடக்கணுமா?"

"ஆங், வாங்குறதுதான் வாங்குறோம், புதுசா வாங்கலாம்ல" என்று பாவா ஒத்து ஊதினார்.

படித்ததைச் சொன்னேன். ஆய்வுகள் எல்லாம் ஒரே பதிலைத் தருவதில்லை. தந்தவரின் வயது கூடினால் ஆபத்து கொஞ்சம் கூடலாம். ஆனால் நன்றாக வேலை செய்யும் நுரையீரலை வயதுக்காக மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை. நைனாவுக்குக் காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

நைனா ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டியவர். பழைய தறி வாங்கப் போகிறவர்கள் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். பேச்சை அந்தப் பக்கமாகத் திருப்பினேன்.

"நம்ம ரெண்டாவது தறி எந்த வருசத்துது நைனா?"

"யாருக்குத் தெரியும்? எனக்கே மூத்தது."

"அத வாங்குறப்ப பக்கத்துலயே புதுசு இருந்துச்சே?"

"அத ஓட்டுனவன் எண்ணெய் விடாம தேச்சு வச்சிருந்தான். வருசமா முக்கியம்? ஓடவிட்டு சத்தத்த..."

பாதியில் நிறுத்தி என்னை முறைத்தார்.

"டாக்டருங்களும் சோதிச்சுப் பாத்துட்டுதான் எடுப்பாங்க."

"அடிப் போடி. முருகன்கிட்ட இருபது வயசுப் பையனோடதுன்னு வேண்டிக்கினேன்."

"அந்தப் பையனோட அம்மாவும் இதே மலையிலதான் வேண்டிகினு இருப்பா நைனா."

 நைனா கண்ணை மூடித் திறந்தார்.

"மை டப்பா எங்க?"

எடுத்துக் கொடுத்தது பாவாதான். "தறின்னு மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார் என்னிடம், நான்தான் தாமதப்படுத்தியதுபோல.

தாள் மறுநாளே போய்ச் சேர்ந்தது. அழைப்பு வந்தால் சில மணி நேரத்தில் அங்கே இருக்க வேண்டுமாம். ரயிலை நம்பி இங்கே உட்கார்ந்திருக்க முடியாது. மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி, படி ஏறத் தேவையில்லாத அறை ஒன்றைப் பிடித்துச் சாவியும் வாங்கிவிட்டேன்.