செவ்வாய்க்கிழமை ஹீட்டர்

மாடி அறைக்குக் குடிவந்த இளைஞன் தச்சரை முதலில் சந்தித்தபோது அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. வாடகைக்கு அறை கேட்டு வந்தவனிடம், பழைய காருக்கு அடியில் படுத்தபடியே, "மாடில போய்ப் பாத்துக்கப்பா, கதவு தொறந்துதான் இருக்கு" என்றார்.

செவ்வாய்தோறும் மனைவியை அந்தக் காரில்தான் மூட்டுவலிச் சிகிச்சைக்கு அழைத்துப் போவார். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வீட்டில் பேசாத பேச்செல்லாம் அப்போதுதான் பேசுவார்கள்.

குளிர் தொடங்கியபோது ரேடியேட்டர் ஒழுகியது. மரத்தில் ஓட்டை அடைக்கிறவருக்கு இதென்ன பெரிய வித்தை? ஒழுகலை அடைக்கும் பொடியை, ஒரு டப்பா போதும் என்ற இடத்தில் மூன்று டப்பா கொட்டினார். ஒழுகல் நின்றது. ஆனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, அதே தண்ணீர் ஓடும் ஹீட்டரின் மெல்லிய குழாய்களும் சேர்ந்து அடைத்துக்கொண்டன. காருக்குள் குளிர்காற்றுதான் வந்தது.

"முட்டி மரத்துப் போச்சுங்க. நான் பஸ்ஸுலயே போறேன், அதுல ஹீட்டர் இருக்கு" என்றார் மனைவி.

"ஒரு வாரம் பொறுத்துக்கோ, சரி பண்ணிடறேன்."

"மேசைக்கால் ஆட்டத்தையே மூணு வருஷமா சரி பண்றீங்க!"

ஒரு வாரம் ஐந்து வாரமானது. ஹீட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, தண்ணீரை எதிர்ப்பக்கமாகப் பாய்ச்சி, சேறாக வந்தது தெளியும்வரை அவர் விடவில்லை. ஆறாவது செவ்வாயன்று வாசலில் காரைச் சூடாக்கி வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"பஸ்ஸுல பேச்சுத்துணைக்கு ரெண்டு பேரு கெடச்சிருக்காங்க. எனக்கு எடம் போட்டு வச்சிருப்பாங்க" என்று மனைவி பையை எடுத்துக்கொண்டார்.

இப்போது தச்சர் செவ்வாய்தோறும் அவரைப் பஸ் நிறுத்தம்வரை காரில் கொண்டுபோய் விடுகிறார். நான்கு நிமிடப் பயணம். ஹீட்டர் சூடாவதற்குள் நிறுத்தம் வந்துவிடுகிறது.