கன்ட்ரோல் க்யூ

நாற்பத்து நாலு வயதில் எனக்குப் பரீட்சை வைத்தார்கள். தோற்றால் வேலை இல்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் நான் டிசைனர். பிஸ்கட் பெட்டி, ஊதுபத்திப் பெட்டி, மருந்துப் பெட்டி என்று எந்தக் கடையில் போய் நின்றாலும் நான் செய்தது ஏதாவது ஒன்று அலமாரியில் இருக்கும். அதற்காக யாரும் எனக்கு மாலை போடப்போவதில்லை. ஆனாலும் எனக்குள் ஒரு திமிர் இருந்தது. அதை ஒரே காலையில் இறக்கிவைத்துவிட்டார்கள்.

எங்கள் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. புது மேனேஜர் வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். குரலை உயர்த்திப் பேசவே மாட்டார், அதனாலேயே எனக்கு அவரைக் கண்டால் பயம். டிசைன் அறையில் இருந்தது நாங்கள் இரண்டே பேர்: நானும், பக்கத்து நாற்காலியில் அண்ணனும். அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. மீஞ்சூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், நான் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"நம்ம குரூப்ல எல்லா யூனிட்லயும் வேற சாஃப்ட்வேர். இனிமே இங்கயும் அதான். மூணு மாசம் டைம் தரேன், கத்துக்குங்க. அதுக்கப்புறம் ஒரு டெஸ்ட். இந்த யூனிட்டுக்கு ஒரு டிசைனர்தான் சாங்ஷன் ஆயிருக்கு."

டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிற குரலில் இதைச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்தோம். வேறு என்ன செய்வது?

வெளியேயும் விசாரித்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் வயதைக் கேட்டதும், "நாங்க ஃப்ரெஷ்ஷர்தான் பாக்குறோம் மேடம்" என்று போனை வைத்துவிட்டார்கள். ஃப்ரெஷ்ஷாக இருக்க நான் என்ன கத்தரிக்காயா? அன்றைக்கு எரிச்சலில் வீட்டில் எல்லோர் மேலும் விழுந்து பிடுங்கினேன். ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. இந்த நாற்காலி போனால் எனக்கு இன்னொரு நாற்காலி கிடையாது.

திருநின்றவூரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி பிடிக்க வேண்டும். போக வர அத்தனை நேரமும் காதில் இயர்போன், கையில் செல்போன். அதில் பாடம் நடத்துகிற பையன்களுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஒவ்வொருத்தனும் "இது ரொம்ப ஈசி" என்று சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறப்பான். உனக்கு ஈசிதான்டா ராஜா, நீ எதையும் மறக்க வேண்டியதில்லை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே பார்ப்பேன். பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி வீட்டிலும் பழகினேன். "படிச்சிக்கினே இரு, கலெக்டர் ஆயிடுவ" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். கிண்டல் செய்துகொண்டே அவரே தோசையும் ஊற்றினார், அதனால் பேசாமல் விட்டுவிட்டேன்.

புதுசு ஏறத்தான் செய்தது. பழசு இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. மண்டைக்குத் தெரியும், இது வேறு சாஃப்ட்வேர் என்று. இடது கைக்குத் தெரியாது. அது தன் பாட்டுக்குப் பழைய விசைகளுக்கே போகும். ஒவ்வொரு முறையும் அதை அதட்டித் திருப்ப வேண்டியிருந்தது.

ஆபீஸில் எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு குறைந்துபோனது. முன்பெல்லாம் "இத்த கொஞ்சம் பாரும்மா, செவப்பு தூக்கலா கீதுல்ல?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவார். இப்போது அவர் திரையை நானும் என் திரையை அவரும் பார்ப்பதில்லை. யார் முதலில் நிறுத்தியது என்று தெரியவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் ஊறுகாயைக்கூடப் பரிமாறிக்கொண்டோம். சாஃப்ட்வேர் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது.

பரீட்சை நாள் வந்தது. வழியில் ஒருமுறை புரட்டிப் பார்க்க லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். அவரவர் கம்ப்யூட்டரில், ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்கு ஒரு மணி நேரம். ஒருவர் செய்யும்போது இன்னொருவர் வெளியே நடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான்தான் முதல்.

வேலை நிஜ வேலை. ஒரு பிஸ்கட் பெட்டியின் அளவைச் சின்னதாக்க வேண்டும். அதற்கேற்ப மடிப்புக் கோடுகளை நகர்த்தி, தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் எழுத்தை மாற்றி, அப்படியே மெஷினுக்கு அனுப்புகிற மாதிரி முடித்துத் தர வேண்டும். மேனேஜர் எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. ஆனால் வேலை ஓடியது. தமிழ்ப் பக்கம் முடிந்ததும் ஒருமுறை சேமித்தேன். தெலுங்கு முடிந்தது, இந்தி முடிந்தது, கோடுகள் சரியாக உட்கார்ந்தன. நேரம்கூட மிச்சம் இருந்தது. தப்பிச்சேன்டா சாமி என்று நினைத்தேன்.

ஒரே ஒரு வேலைதான் பாக்கி. நாங்கள் எந்த டிசைனையும் அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்துகளை எல்லாம் வெறும் கோடுகளாக மாற்றிவிடுவோம். இல்லையென்றால் அடுத்த கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லாமல் எல்லாம் சிதறிப்போகும். இதற்கு 'கர்வ் போடுறது' என்று பெயர். பழைய சாஃப்ட்வேரில் அதற்குக் கன்ட்ரோலையும் க்யூவையும் சேர்த்து அழுத்த வேண்டும். எத்தனை ஆயிரம் பெட்டிகளுக்கு அதைச் செய்திருப்பேனோ. வேலை முடிந்தது என்று மனசு சொன்னதும் கை அங்கேதான் போகும்.

போனது. அழுத்தினேன்.

புது சாஃப்ட்வேரில் கன்ட்ரோல் க்யூ என்றால் கடையை மூடு என்று அர்த்தம். திரையில் ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. பழைய சாஃப்ட்வேரில் நாங்கள் வைத்திருந்தது திருட்டுப் பிரதி, திறக்கும்போதெல்லாம் 'புதுப்பிக்கவா' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். படிக்காமலே 'நோ' அடித்துப் பழகியவர்கள் நாங்கள். இதற்கும் 'நோ' அடித்தேன். அது கேட்டது, சேமிக்கட்டுமா என்று.

எல்லாம் மறைந்து வெறும் திரை நின்றது. ஆபீஸ் வேலை அதுவரை பழைய சாஃப்ட்வேரில்தான் ஓடியது, சரி. வீட்டில் அத்தனை நாள் பழகியும் இது ஏன் நடக்கவில்லை என்று பிறகு யோசித்தேன். அங்கே நான் பாடம்தான் செய்தேன், எதையும் அச்சுக்கு அனுப்பவில்லை. அந்தக் கடைசி விசைக்கு வேலையே வரவில்லை.

திரும்பத் திறந்தேன். தமிழ்ப் பக்கம் மட்டும் இருந்தது. மறுபடி ஆரம்பித்தேன். தெலுங்கு பாதியில் நிற்கும்போது பின்னாலிருந்து அந்த உயராத குரல் வந்தது. "டைம் ஆயிடுச்சு மேடம்."

நடையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன், பிறகு சாரைக் கூப்பிடுகிறேன் என்று போனார். நான் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா, மொகம் இப்டி கீது?"

"ஒண்ணும் இல்லண்ணா."

அவரும் நானும் ஒரே சாஃப்ட்வேரில், ஒரே அறையில், ஒரே விசைகளைத் தட்டியவர்கள். அவர் கையும் கடைசியில் அங்கேதான் போகும். போனால் அவரும் காலி. இரண்டு பேரும் காலியானால் அப்புறம் யாரை வைத்துக்கொள்வார்கள்? எனக்குச் சம்பளமும் கம்மி, வயதும் கம்மி. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். பொய் சொல்லக்கூட வேண்டாம்.

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். மறுபடி துடைத்தார். மேனேஜரின் செருப்புச் சத்தம் நடையின் அந்தக் கோடியில் கேட்டது. எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணா, கடைசில கர்வ் போட கன்ட்ரோல் க்யூ அடிச்சிடாத. மூடிக்கும். எனக்கு எல்லாம் போச்சு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"தெரியும்மா" என்றார். "எனக்கு மொத மாசமே ஆச்சி. பழைய ஜாப் ஒண்ண எட்த்து முழுசா பண்ணிப் பாத்துக்கினு இருந்தேன், பட்டுனு மூடிக்கிச்சி. அப்பவே மாத்தி வச்சிக்கினேன்."

"மாத்த முடியுமா?"

"முடியும். செட்டிங்ஸ்ல கீது."

"என்கிட்ட சொல்லலியேண்ணா."

"ஒருத்தருக்குத்தானம்மா வேல" என்றார். மேனேஜர் கூப்பிட்டார். எழுந்து உள்ளே போனார்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. என் கம்ப்யூட்டருக்கும் அவருடையதற்கும் நடுவில் ஒரு முழம்தான் இருக்கும். இரண்டு மாதத்துக்கு மேலாக அந்த ஒரு முழத்தைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை. கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது. நீ மட்டும் ஒழுங்கா, இப்போதுவரை வாயை மூடிக்கொண்டு கணக்குப் போட்டவள்தானே என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலையும் போடி என்று திட்டினேன்.

அவர் நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டு வந்தார். சாயங்காலமே மேனேஜர் சொல்லிவிட்டார். சார் தொடர்வார். மேடம் மாதக் கடைசி வரை வரலாம், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் நன்றாகவே தருகிறேன் என்றார். நான் தேங்க்ஸ் என்றேன். எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

எப்போதும் போகிற வண்டியிலேதான் போனோம். வேறு வண்டிக்குக் காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. எதிர் சீட்டில் அவர். கவரைப்பேட்டை வரை இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

"உனக்கு இன்னும் வயசு கீதும்மா" என்றார். "என்னய எவன் சேத்துப்பான்?"

அவர் சொன்னது நிஜம். நிஜம் என்பதால் என் எரிச்சல் குறையவும் இல்லை.

"லேப்டாப்ப குடு."

கொடுத்தேன். மடியில் வைத்துத் திறந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எதையோ திறந்து, எதையோ தேடி, இரண்டு விசையைத் தட்டினார். வண்டி பொன்னேரிக்குள் நுழைவதற்கு முன்பே முடித்து என்னிடம் நீட்டினார்.

"இந்தா. இனிமே க்யூ அடிச்சா மூடாது. கர்வ் ஆயிடும்."

நான் திரையைப் பார்த்தேன். அப்புறம் அவரைப் பார்த்தேன்.

"இவ்ளோ நேரம்தான் ஆவுமாண்ணா இதுக்கு?"

"இவ்ளோதாம்மா" என்றார்.