செயின் கவரைப் பிடித்தவர்

எங்கள் பழைய காரின் எஞ்சினில், டைமிங் செயினை மூடியிருக்கும் அலுமினியக் கவர் விரிசல் விட்டு ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. மைசூரில் கேட்ட மெக்கானிக்குகள் எல்லாரும் வண்டியை ஒரு வாரம் விட்டுப் போகச் சொன்னார்கள். நானே மாற்றிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகை வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்துக்குள் தலையையும் கைகளையும் நுழைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

புதுக் கவரின் விளிம்பில் கறுப்பு சிலிக்கான் பசை தடவி, எஞ்சினில் பொருத்தி, இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டேன். இனி அசைந்தால் பசை கலைந்துவிடும். அப்போதுதான் போல்ட்டுகளைக் காணோம் என்று தெரிந்தது. அவற்றைப் போட்டுவைத்த டம்ளரை என் மனைவி கழுவ எடுத்துப் போயிருந்தாள்.

கூப்பிட்டேன். “பந்தே, பந்தே, வர்றேன்” என்றாள் உள்ளேயிருந்து, கன்னடமும் தமிழுமாக. அம்மாவோடு போனில் இருந்தாள்.

வந்தது மாடி வீடு பார்க்க வந்த ஒரு கணவனும் மனைவியும்.

“ஏனுங்க, மேல் வீடு காலியாங்க?” என்று அவர் என் முதுகைக் கேட்டார்.

“காலிதாங்க. வீட்டுக்காரர் சாவியை என்கிட்டதான் கொடுத்திருக்கார். ஆனா கையை எடுக்க முடியாது.”

அவர் குனிந்து பார்த்தார். “நாங்க ஊருக்குப் போக ராமாபுரம் பஸ்ஸைப் புடிக்கோணுங்க. இதை நான் புடிச்சுக்கறேன். நீங்க இவளுக்கு வீட்டைக் காட்டிட்டு வந்துருங்க.”

மறுத்திருக்க வேண்டும். ஆனால் தோள் கடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விரலாக இடம் மாற்றிக்கொண்டோம்.

மாடியில் அவர் மனைவி ஒவ்வொரு குழாயையும் திறந்து பார்த்தார். என் கையெல்லாம் பசை என்பதால் விளக்கையும் அவரே போட்டுக்கொண்டார். நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“நல்லாப் புடிச்சுக்குவாருங்க, பயப்படாதீங்க” என்றார்.

கீழே இறங்கும்போது என் மனைவியின் குரல் கேட்டது. போல்ட்டுகளை ஒவ்வொன்றாக நீட்டியபடி, சக்கர இடுக்கில் தெரிந்த முதுகைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“ஞாயித்துக்கிழமையானா உங்க மருமகன் ஏன் ரோட்டுல கிடக்கறாருன்னு அம்மாவை அக்கம்பக்கத்துல கேக்கறாங்களாம். உங்களுக்குக் கொஞ்சமாவது உறைக்குதா? வாயைத் திறந்து பேசுங்களேன்.”

ஒரு கை வெளியே வந்து அடுத்த போல்ட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. மனைவி தற்செயலாக நிமிர்ந்து, படியில் நின்ற என்னைப் பார்த்தாள். பிறகு முதுகைப் பார்த்தாள்.

அவர் தலையை வெளியே எடுத்தார். “எல்லாம் மாட்டிட்டேனுங்க. உங்கம்மா சொல்றதும் நியாயந்தானுங்க” என்றார் அவளிடம்.

அடுப்படி மேடை உயரம் போதவில்லை என்று வீட்டை வேண்டாம் என்றுவிட்டார்கள். காபி குடித்துவிட்டு, என் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு, சட்டைக் கையில் கறுப்புப் பசையோடு அவர் பஸ்ஸுக்குப் போனார்.

இப்போதும் எப்போதாவது போன் செய்து, “ஆயில் ஒழுகுதுங்களா?” என்று கேட்பார். இல்லை என்பேன். சந்தோஷப்படுவார். அந்த போன் வந்தால் என் மனைவி மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.