ஐந்து சாவிக்கொத்தும் ஒரு ஃபெயிலும்

போன சனிக்கிழமை காலை. திருமயத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியின் ஹால். வலிப்பு வந்து ஒருவர் தரையில் துடித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் ஒரே நேரத்தில் ஐந்து சாவிகளைத் திணிக்க ஐந்து பேர் முண்டியடித்தார்கள்.

யார் அந்த ஐவர்? ஒன்றும் தெரியாத வழிப்போக்கர்கள் என்று நினைத்தீர்களா? அதுதான் இல்லை. மூன்று பேர் அவசர மருத்துவ உதவிப் பயிற்சி முடித்து, சற்று முன்புதான் மேடையேறி சான்றிதழ் வாங்கியவர்கள். நான்காமவர் அவர்களுக்குத் தேர்வு வைத்தவர். ஐந்தாவது ஆள்... அடியேன்.

நான் அங்கே எதற்குப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்லூரியில் இரண்டே கோர்ஸ். ஸ்போக்கன் இங்கிலீஷ், அவசர மருத்துவ உதவி. ரிட்டையர் ஆகி வீட்டில் உட்கார்ந்தால் மனைவி கீரை ஆயச் சொல்கிறாள் என்பதால் நான் இங்கிலீஷில் சேர்ந்தேன். மூன்று மாதத்தில் அபார முன்னேற்றம். யாராவது "ஹவ் ஆர் யூ?" என்றால், யோசிக்காமல் "ஐ யம் ஃபைன்" என்பேன். காய்ச்சலில் கிடந்தாலும் ஃபைன்தான். வேறு பதில் சொல்லித் தரவில்லையே!

என் பக்கத்து பெஞ்ச் மரியசெல்வி. ஆவூர்க்காரர், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. அவர் உண்மையில் மருத்துவ உதவி மாணவி. பிறகு இங்கிலீஷ் வகுப்பில் என்ன வேலை? இந்தக் கூத்தைக் கேளுங்கள் — பாடம் நடத்துவது தமிழில், வைவா என்கிற வாய்மொழித் தேர்வு மட்டும் ஆங்கிலத்தில்! செய்முறையில் அவர்தான் முதல். வைவாவில் இரண்டு முறை ஃபெயில். சான்றிதழோடு வந்தால் ஆம்புலன்ஸில் வேலை தருவதாக ஒரு ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதக் கடைசி வரைதான் பார்ப்பார்களாம்.

"வலிப்பு வந்தா என்ன செய்யணும்னு கேட்டாங்க சார். எல்லாம் தெரியும். ஆனா இந்த எளவு இங்கிலீசு தொண்டையிலயே நின்னுக்கிருது" என்று முதல் நாளே கண் கலங்கினார். நான் தைரியம் சொன்னேன். தமிழில்தான். எனக்கு மட்டும் வருகிறதாக்கும்?

சனிக்கிழமை சான்றிதழ் விழா. ஃபெயிலான மரியசெல்விக்கு நாற்காலி எடுத்துப் போடும் பொறுப்பு. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, தலைவருக்குப் பொன்னாடை, போர்த்தியவருக்கும் ஒரு பொன்னாடை... முக்கால் மணி நேரம் ஓடியது. சான்றிதழ் கொடுத்து முடித்ததும், என் வகுப்புத் தோழர் கதிரேசன் ஆங்கிலத்தில் நன்றி சொல்ல வந்தார். அறந்தாங்கிக்காரர், கல்ஃபுக்குப் போகவிருப்பவர். "ரெஸ்பெக்டட் சீஃப் கெஸ்ட்..." அவ்வளவுதான். கண் செருகி, மைக்கோடு சாய்ந்தார்.

"சாவி! இரும்பு குடுங்கய்யா!" என்று ஒரு குரல். அடுத்த நொடி அத்தனை கைகளும் பாக்கெட்டுக்குள். சாவி கொடுக்கக் கூடாது, கையைப் பிடிக்கக் கூடாது என்று அவர்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை ஒப்பித்துத்தான் பாஸ் ஆனார்கள். டை கட்டிய தேர்வாளர் நீட்டியது காரின் ரிமோட் சாவி! அந்த பிளாஸ்டிக்கில் இரும்பு எங்கே இருக்கிறது? வெளியே அவர் கார் அலறியதுதான் மிச்சம்.

நாற்காலியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார் மரியசெல்வி.

"எல்லாரும் அங்கிட்டுத் தள்ளுங்க! கையப் புடிக்காதீங்க! யாராச்சும் ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க. சாவிய எடுங்க சார்... ஒங்களத்தான்!"

எடுத்தேன். தேர்வாளரும் எடுத்தார்.

மரியசெல்வி, சிறப்பு விருந்தினரின் தோளிலிருந்த பொன்னாடையை ஒரே இழுப்பில் உருவி, மடித்து, கதிரேசன் தலைக்கு அடியில் வைத்தார். ஒரு பொன்னாடை உபயோகப்பட்டதை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன். சட்டைக் காலரைத் தளர்த்தினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். துடிப்பு அடங்கியதும் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தார். யாரோ சோடா பாட்டிலோடு வந்தார்கள். "இப்ப வாயில எதுவும் ஊத்தாதீங்க" என்று திருப்பி அனுப்பினார். கதிரேசன் மெல்லக் கண் திறந்தபோது, "ஒண்ணுமில்லண்ணே, நான் இங்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றும்வரை பக்கத்தைவிட்டு நகரவில்லை.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. கதிரேசன் இப்போது நன்றாக இருக்கிறார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

ஆம்புலன்ஸ் போனதும் தேர்வாளரிடம் போனேன். "சார், அந்தம்மாவுக்கு இன்னும் என்ன பரீட்சை? சர்ட்டிபிகேட்டக் குடுத்துரலாமே?"

டையைச் சரிசெய்துகொண்டார். "செஞ்சது எல்லாமே கரெக்ட் சார். எக்ஸலண்ட்! ஆனா ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல? வர்ற வியாழக்கிழமை திரும்ப வைவா வச்சுக்கலாம். இங்கிலீஷ்லதான்."

என்ன பெரிய மனசு!

இப்போது மரியசெல்வி தினமும் சாயங்காலம் போனில் என்னிடம் ஒப்பித்துப் பார்க்கிறார். பயிற்சி தருவது யார் பாருங்கள் — 'ஐ யம் ஃபைன்' புலவர்! "வியாழக்கெழம ஒரு கை பாத்துர்றேன் சார்" என்கிறார். பாஸாக வேண்டுமே என்று எனக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை.

ஒரு விண்ணப்பம். நான் எங்காவது சாய்ந்துவிட்டால், சான்றிதழ் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து தள்ளி நில்லுங்கள். அந்த ஃபெயிலான அம்மாவைக் கூப்பிடுங்கள். "ஹவ் ஆர் யூ?" என்று மட்டும் என்னிடம் கேட்டுத் தொலைக்காதீர்கள்... உயிர் போகிற நேரத்திலும் "ஐ யம் ஃபைன்" என்றுதான் சொல்வேன்!