லயத்துக்கெல்லாம் ஒரே ஈமெயில்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு இந்தக் கை கட்டியதையெல்லாம் சொல்கிறேன், கேளுங்கள். இறப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த கையால் பெல்மதுளைக்கு மேலே, தோட்டத்து ரோட்டோரம் ஓர் இரும்புச் சாமான் கடை கட்டினேன். மண் சரியும், சுவர் நிற்காது என்று படித்தவர்கள் சொன்ன மேட்டில் இரண்டு மாடி வீடு கட்டினேன். எத்தனையோ மழை அடித்துவிட்டது, ஒரு வெடிப்பு இல்லை. ஓடையிலிருந்து குழாய் இழுத்து, தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கிற ஐந்து லயங்களுக்கும் தண்ணீர்த் தொட்டி கட்டினேன். தோட்டத்தை நடத்துகிற துரை முடியாது என்றார், சங்கத் தலைவர்மார் பார்க்கலாம் என்றார்கள், தண்ணீர் வந்துவிட்டது. கடைசியாகக் கட்டியது ஓர் ஈமெயில்.

ஈமெயிலைக் கட்டுகிறதா என்று என் மருமகள் சிரிப்பாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், சிரிக்கட்டும். நான் கட்டினது என்றுதான் சொல்வேன்.

லயத்துக் காம்பரா அறைகளுக்கு நம்பர் உண்டு, விலாசம் கிடையாது. கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து ஒரு மூலையில் கிடக்கும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டுக் கொடுக்கிற நாளில், நேர்முகத் தேர்வு முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். அதனால் கடை திறந்த நாள் முதல் சனங்கள் என் கடை விலாசத்தையே கொடுத்தார்கள். வந்த கடிதங்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பேன். உரியவர் வந்து கையில் வாங்கும்வரை ஒன்றையும் எறிந்ததில்லை.

பிறகு விண்ணப்பப் பத்திரங்களில் ஈமெயில் என்று ஒரு கோடு வந்தது. அந்தக் கோட்டிலும் என்னுடையதையே எழுதினார்கள். எல்லார் கையிலும் போன் இருக்கிறது, அதற்குள் ஓர் ஈமெயிலும் இருக்கிறது. ஆனால் அது போன் கடைக்காரன் போட்டுக் கொடுத்தது. கடவுச்சொல் அவனுக்கும் மறந்துபோயிருக்கும். என்னுடையது அப்படியில்லை. மூத்தவன் கட்டாருக்குப் போகும்போது விட்டுப்போன கம்பியூட்டர், கடைக்குப் பின்னால் என் வீட்டு முன் அறையில் இருக்கிறது. காலையில் கடை திறந்ததும் அதையும் திறப்பேன். யாருக்குக் கடிதம் வந்திருக்கிறதோ அவர்களுக்குச் சொல்லி அனுப்புவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினொரு மணி இருக்கும். மூன்றாம் நம்பர் லயத்துப் பெண் ஒருத்தி தேயிலைக் கொழுந்துக் கூடையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தாள். இரண்டு பிள்ளைக்குத் தாய். ஓ. எல். பரீட்சை பாஸ் பண்ணியும் கொழுந்து எடுப்பவள். தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்துக்கு ஒரு பொறுப்பாளர் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பித்திருந்தாள்.

“மொதலாளி, எனக்குக் கடிதாசி வந்துருச்சா?”

“வந்தா சொல்லியனுப்ப மாட்டேனா புள்ள?”

“பக்கத்துத் தோட்டத்துப் பொண்ணுக்கு வெள்ளிக்கெழமையே வந்துருச்சாம். இந்த வாரந்தான் இன்டர்வியூ, இரத்தினபுரியில. என்னைக்கு, எத்தன மணிக்குன்னு அந்தக் கடிதாசியிலதான் இருக்காம். அது கையில இல்லன்னா உள்ள விட மாட்டாங்களாம்.”

வயது எல்லை இந்த வருஷத்தோடு முடிகிறது, இன்னொரு தரம் கேட்க முடியாது என்றாள்.

எனக்கு ஒரு பழக்கம். தண்ணீர் வரவில்லை என்றால் குழாயைத் திட்ட மாட்டேன். மேலேயிருந்து ஒவ்வொரு மூட்டாகக் கழற்றிப் பார்த்துக்கொண்டே வருவேன். அதே மாதிரி இதிலும் இறங்கினேன். முதல் மூட்டு, இன்டர்நெட் இருக்கிறதா? ஒரு பத்திரிகைப் பக்கத்தைத் திறந்தேன், திறந்தது. இரண்டாவது, குப்பைக் கடிதங்கள் ஒதுங்குகிற ஸ்பாம் பெட்டி. அங்கே யாரோ எனக்குக் கோடிக்கணக்கில் பரிசு தருகிறேன் என்கிறான், இவளுடையது இல்லை. மூன்றாவது, கடிதம் உள்ளே வருகிறதா?

“ஒன் போன்ல இருந்து எனக்கு ஒரு கடிதாசி போடு.”

“என்னன்னு எழுத?”

“மொதலாளி நல்லவருன்னு எழுது.”

“பொய் எழுதினா போய்ச் சேருமா?” என்றாள். அந்தக் கலக்கத்திலும் வாய் குறையவில்லை.

போட்டாள். என்னிடம் வரவில்லை. ஒரு நிமிஷத்தில் அவளுடைய போனுக்கே திரும்பி வந்தது, ஆங்கிலத்தில் ஒரு பத்தியோடு. எனக்கு ஆங்கிலத்தில் எழுத்து தெரியும், சொல் தெரியாது. அவள் விரல் வைத்து மெதுவாக வாசித்தாள்.

“பெட்டி நெறஞ்சி போச்சாம் மொதலாளி. எடமில்லையாம்.”

அப்போதுதான் என் கண்ணுக்கு அது பட்டது. திரையின் மேலே ஒரு சிவப்புக் கோடு, இரண்டு வாரமாக அங்கேயே நிற்கிறது. விளம்பரம் என்று நினைத்து விட்டுவிட்டேன். சிவப்பில் எழுதினால் எல்லாம் மலிவு விற்பனை என்றுதானே கடைக்காரன் புத்தி சொல்லும்!

“பழசையெல்லாம் அழிச்சிருங்க.”

“அதெப்புடி? அடுத்தவுங்க கடிதாசியில நான் கை வைக்க மாட்டேன்.”

“என் கடிதாசி வெளிய நிக்குதே!”

அவள் சொன்னது நியாயம். நான் சொன்னதும் நியாயம். யோசித்துப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூட இடைவேளை நேரம் என்பதால் மருமகளுக்குப் போன் எடுத்தேன். அவள் அவசரத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

“மாமா, எண்ணிக்கைய பாக்காதீங்க, பெரிய பைலுங்கள மட்டும் தேடிப் பாருங்க.” எப்படித் தேடுவது என்றும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவ்வளவுதான் அவளுடைய பங்கு. மற்றதெல்லாம் நான்.

தேடினால் வேடிக்கை. லயத்துச் சனங்களின் கடிதங்கள் அத்தனையும் சேர்ந்து ஒரு பிடி மண்தான். எழுத்துக்கு எடையே இல்லை. ஓர் எழுத்துமில்லாத படம் ஒரு புத்தகத்தைவிடப் பாரம். அசைகிற படம் அதைவிடப் பாரம். இதை எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குச் சொல்லித்தரவில்லை, அன்றைக்கு நானே கண்டுகொண்டேன்.

வரிசையாக வந்து நின்ற பெரிய பைல்களைத் திறந்தேன். திரையில் நான். தண்ணீர்த் தொட்டித் திறப்பு விழாவில் நான் பேசிய பேச்சு, நாற்பது நிமிஷம். முழுசாக அனுப்ப முடியவில்லை என்று போன் கடையில் துண்டு துண்டாக வெட்டி வாங்கி, கட்டாரில் இருக்கிற மகனுக்கும், கொழும்பில் இருக்கிற மச்சானுக்கும், ரம்புக்கனைச் சம்பந்திக்கும் தனித்தனியாக அனுப்பியிருந்தேன். அனுப்பினால் போய்விடும் என்று நினைத்தேன். தபாலில் போட்ட கடிதம் போனதுதானே? இதில் அப்படியில்லை. அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நகலை நம்மிடமே வைத்துக்கொள்கிறது. எதற்கு வைக்கிறது, யாருக்காக வைக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “ஒங்க பேச்சுதான் மொதலாளி வழிய மறிச்சிக்கிட்டு நிக்குது.”

“நல்ல பேச்சு புள்ள அது.”

“நல்ல பேச்சுத்தான். இருந்து கேட்டவ நான். பிள்ளைங்க தூங்கிருச்சுங்க.”

மகனிடம் ஒரு பிரதி இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு என்னையே நான் அழித்தேன், துண்டு துண்டாக. சிவப்புக் கோடு போகவில்லை. எனக்கு வேர்த்துவிட்டது. பிறகு யோசித்தேன். கடையில் கூட்டிய குப்பையைக் கூடையில் போட்டால் கடை சுத்தம், ஆனால் குப்பை இன்னும் கடைக்குள்தானே இருக்கிறது? இடது பக்கத்தில் கூடைப் படத்தைத் தேடித் திறந்தேன். உள்ளே நான் வரிசையாகக் கை கட்டி நின்றேன். அதையும் கொட்டினேன். கொஞ்ச நேரத்தில் கோடு மறைந்தது.

“இப்பப் போடு.”

“மொதலாளி நல்லவரு” என்று அவள் அனுப்பிய கடிதம் வந்து விழுந்தது. கைதட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுடைய கடிதம் வரவில்லை. ஒரு மணி ஆனது. வரவில்லை.

இங்கேதான் நிறைய பேர் விட்டுவிடுவார்கள். நான் விடவில்லை. அவளுடைய சோதனைக் கடிதம் அவளிடமே திரும்பிப் போனதல்லவா? அப்படியானால் இரத்தினபுரிக் கடிதமும் இரத்தினபுரிக்கே திரும்பிப் போயிருக்கும். வழி திறந்துவிட்டது என்று அதற்கு யார் போய்ச் சொல்வது? அவள் விண்ணப்பித்த வேலை விளம்பரத்தில் இருந்த நம்பருக்குப் போன் எடுத்தேன். நான்கு தரம் மணி அடித்துக் கட் ஆனது. ஐந்தாவது தரம் ஒருவர் எடுத்தார். சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். பசார்க் கடைத்தெருவில் அரை ஆயுளைக் கழித்தவன், சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அனுப்பிய கடிதம் திரும்பி வந்ததாம், விலாசம் பிழை என்று அவளுடைய பைலை ஒதுக்கி வைத்துவிட்டார்களாம்.

“விலாசத்தில் பிழையில்லை மாத்தயா, பிழை என் பெட்டியில். தயவு செய்து இன்னொரு தரம் அனுப்புங்கள்” என்றேன். “ஹரி ஹரி” என்றார், சிங்களத்தில் சரி சரி.

மூன்று மணிக்கு வந்தது. புதன்கிழமை, அதாவது மறுநாள், காலை ஒன்பது மணி. அச்சடித்து அவள் கையில் கொடுத்தேன். கூடையைக்கூட மறந்துவிட்டு லயத்துக்கு ஓடினாள்.

அவள் தெரிவாகிவிட்டாள். இப்போது பிள்ளை மடுவத்துக்கு வெள்ளையடித்து, தொட்டில் எல்லாம் புதிதாகக் கட்டி, அடுத்த வாரம் அவள் பொறுப்பில் திறக்கப்போகிறார்கள். தோட்டத்து வாலிபர் மன்றம் அழைப்பிதழ் அடித்திருக்கிறது. கடைசியில் நன்றி என்று ஒரு பகுதி. துரைக்கு நன்றி. பெயின்ட் கொடுத்தவருக்கு நன்றி. “கம்பியூட்டர் உதவி செய்த ஆசிரியைக்கு நன்றி.” என் மருமகள்! ஒரு வார்த்தை சொன்னவள்! அவளே அதை வாசித்துவிட்டு, “மாமா, நான் இத எழுதச் சொல்லல்ல” என்றாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

மன்றத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அழைப்பிதழ் இன்னும் முழுசாகப் பங்கிடவில்லை. மறுபடி அச்சடியுங்கள், இல்லாவிட்டால் கையாலாவது எழுதி ஒட்டுங்கள். வழியை மறித்தது என் பேச்சு என்று எழுதுங்கள், நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதைக் கண்டுபிடித்துத் திறந்தவனும், இரத்தினபுரிக்கு ஐந்து தரம் போன் எடுத்தவனும் கடைக்கார மொதலாளிதான் என்று அதற்கு அடுத்த வரியிலேயே எழுதுங்கள். எழுத்து, துரைக்கு நன்றி சொன்ன அதே அளவில் இருக்க வேண்டும்.